சுவாதியும் சித்திரையும்

நாம் சுவாதி என்று வழங்கும் நட்சத்திரம், பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளில் உச்சிவானின் வழியே செல்வதால், நெடும்பிரயாணம் முடித்துத் திரும்பும் அத்தீவு மாலுமிகளுக்கு அது வீட்டின் அடையாளமாயிற்று. ஹோக்குலேயா, அதாவது மகிழ்ச்சியின் விண்மீன், என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். அப்பெயரைத் தாங்கி 1975-இல் கடலில் இறங்கிய இரட்டைத் தோணி, மறுவருஷமே திசைகாட்டி முதலிய கருவி எதுவுமின்றித் தஹிதித் தீவை அடைந்தது. ஆயினும், அவ்வாறு வழிகாட்டவல்லார் ஹவாயில் ஒருவரும் எஞ்சியிராமையால், மைக்ரோனேசியாவின் சின்னஞ்சிறு சாதவால் தீவினின்று மாவ் பியாயிலுக் என்பவரை அழைத்துவர நேர்ந்தது. பிள்ளைகளுக்குக் கற்பியாது விட்ட வித்தை எத்துணை விரைவில் அற்றுப்போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வித்தையின் ஒரு கூற்றைப் பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து நிற்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ஆகவே, கையை நேரே நீட்டி, கட்டைவிரலை அடிவானத்தோடு பொருத்தி, நிமிர்ந்த சுட்டுவிரலால் அவ்வுயரத்தை அளந்துவரும் மாலுமி, ஹவாய்க்குரிய இருபது பாகையளவை எய்தியதும் தோணியைக் கரை நோக்கித் திருப்புகிறார்.

இதை வகுப்பறைக்குக் கொணரும் முயற்சி புதிதன்று. 1992 அக்டோபரிலேயே, ஹோக்குலேயாவின் மாலுமிகளும், கொலம்பியா விண்கலத்திலிருந்த சார்லஸ் லேசி வீச்சும், ஹவாய் மாணாக்கரும் ஒரே சமயத்தில் உரையாடினர். 2014 முதல் 2017 வரை, பூமியைப் பேணுதல் என்னும் பொருள்படும் ‘மாலாமா ஹோனுவா’ என்ற பெயரில் ஹோக்குலேயா உலகைச் சுற்றியபோது, தொடக்கப் பகுதிகளில் துணைசென்ற ஹிக்கியானாலியா என்னும் தோணி சூரியத் தகடுகளையும் செயற்கைக்கோள் தொடர்பையும் ஏந்தியிருந்தது. வழியறிய யந்திரத்தை நாடாதவர், அறிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதை நாடியது முற்றிலும் முறையே. இத்தகைய தொடர்புக்குப் பயன்படும் நிலைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், குரல் மேலேறிக் கீழிறங்கக் கால் விநாடி செல்கிறது. எனவே கடற்பவளம் ஏன் வெளுக்கிறது என்று ஒரு சிறுமி வினவினால், மறுமொழிக்குமுன் குறைந்தது அரை விநாடி மௌனம் நிலவும்.

ஹிக்கியானாலியா என்பது நம் சித்திரை நட்சத்திரமே. ஹவாயின் அடிவானத்தில் சுவாதியும் சித்திரையும் ஒருங்கே உதிக்கின்றன. வைகாசி மாதத்து முன்னிரவில், சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைப் பின்பற்றிச் சென்றால் முதலில் செம்பொன் நிறச் சுவாதியும், அப்பால் வெண்ணீலச் சித்திரையும் தென்படும். உங்கள் குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.