புறக்கணித்தால் பெட்ரோல் விலை இறங்குமா?

எண்ணெய் விலை ஏறிய மறுநாளே கைப்பேசிகளில் ஒரு தகவல் வலம் வரத் தொடங்கிவிடும். 'இன்ன தேதியில் யாரும் எண்ணெய் போடாதீர்கள், ஒரே நாளில் கம்பெனிகள் பணிந்துவிடும்' என்பது ஒரு வகை. 'குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் நிலையத்துக்கு மட்டும் போகாதீர்கள், அது விலையைக் குறைத்தால் மற்றவையும் தானாகக் குறைக்கும்' என்பது இன்னொரு வகை. முன்பு குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வந்தது, பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது. ஊர் மாறும், தேதி மாறும், வாசகம் மாறுவதில்லை. அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 30-ஆம் நாளன்று இப்படி ஓர் அழைப்பு விடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தான் செய்தது.

அனுப்புகிறவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் ஒருவரின் கணக்கை எடுத்துப் பார்த்தாலே அது விளங்கும். சுங்கைப் பட்டாணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடினாலும் 39 லிட்டர் தேவை. 2008 ஜூன் 5-ஆம் தேதி பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குத் தாவியபோது, இவருக்கு மாதம் 30 வெள்ளிக்கு மேல் கூடுதல் செலவு. ஆண்டுக்கு 365 வெள்ளி. அரசாங்கம் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்குத் திருப்பிக் கொடுத்ததோ ஆண்டுக்கு 150 வெள்ளி.

சரி, இவர் ஒரு நாள் எண்ணெய் போடாமல் இருந்தால் என்ன ஆகும்? முதல் நாள் இரவே டாங்கியை நிரப்பி வைப்பார், அல்லது மறுநாள் காலையில் நிரப்புவார். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஓடும் தூரம் குறையாதபோது எரியும் எண்ணெய் எப்படிக் குறையும்? நிலையத்தில் ஒரு நாள் கூட்டம் இல்லை, மறுநாள் வரிசை நீளும். மாத முடிவில் கணக்குப் பார்த்தால் விற்ற லிட்டர் அதே லிட்டர்தான்.

ஒரே நிறுவனத்தைப் புறக்கணிக்கலாம் என்கிறவர்களின் வாதம் இதைவிடக் கொஞ்சம் கூர்மையானது. வாழைப்பழக் கடையாக இருந்தால் அது பலிக்கும். எண்ணெய் வியாபாரம் அப்படியல்ல. பலகையில் பெயர் வேறாக இருந்தாலும் எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று சரக்கு வாங்குவது சர்வ சாதாரணம். ஒரு நிலையத்தை விட்டுவிட்டு எல்லாரும் அடுத்த நிலையத்துக்குப் போனால், அடுத்தவர் கூடுதல் சரக்குக்கு எங்கே போவார்? புறக்கணிக்கப்பட்டவரின் சுத்திகரிப்பு ஆலையில் தேங்கி நிற்பதையே வாங்கி வந்து விற்பார். அடி விழுவது நிலையத்தை எடுத்து நடத்தும் உள்ளூர்க்காரருக்கும், கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கும்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மலேசியாவில் பெட்ரோல் விலையை நிலையக்காரரும் முடிவு செய்வதில்லை, நிறுவனமும் முடிவு செய்வதில்லை. 1983 முதல் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த எண்ணெயின் விலை, போக்குவரத்துச் செலவு, நிறுவனத்தின் பங்கு, நிலையக்காரரின் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, அதற்கு மேல் வரியா மானியமா என்பதை அரசாங்கம் தீர்மானிக்கிறது. நீண்ட காலம் நிறுவனத்துக்கு லிட்டருக்கு 5 காசு, பெட்ரோல் விற்கும் நிலையக்காரருக்கு 12.19 காசு என்று கட்டி வைத்திருந்தார்கள். இவர்கள் மனம் வைத்தாலும் எத்தனை காசு குறைக்க முடியும்? இன்னொரு வேடிக்கை, மானியம் உள்ள காலத்தில் பயனீட்டாளர் வாங்காமல் விடும் ஒவ்வொரு லிட்டரும் அரசாங்கத்துக்கு மிச்சம். புறக்கணிப்பைக் கண்டு நிதியமைச்சு கவலைப்படாது, மகிழ்ச்சிதான் அடையும்.

சிங்கப்பூர்ச் சந்தையை அசைக்கலாமே என்றால், உலகம் நாளொன்றுக்கு 10 கோடி பீப்பாய் எண்ணெயைக் குடிக்கிறது. அதில் மலேசியாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

எது பலிக்கும், எது பலிக்காது?

அப்படியானால் புறக்கணிப்பே பயனற்ற ஆயுதமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கெடா தோட்டப்புறத் தமிழருக்கு இது புதியதும் அல்ல. போருக்குப் பின் 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. கூலியாகக் கொடுத்த காசு கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போவதைத் தொழிலாளர்கள் தடுக்கப் பார்த்தார்கள். போலீசாருடன் மோதல் வந்தது, உயிரும் போனது. அந்தப் போராட்டத்தின் பலம் எதில் இருந்தது என்றால், கள் இல்லாமல் மறுநாள் பால்மரம் வெட்டப் போகலாம். வீட்டுக்கும் அது நல்லது. எண்ணெய் இல்லாமல் வேலைக்குப் போக வழி ஏது?

1995-இல் வட கடலில் பழைய எண்ணெய் மிதவை ஒன்றைக் கடலிலேயே மூழ்கடிக்க ஷெல் நிறுவனம் திட்டமிட்டபோது, ஜெர்மனியில் வாகனமோட்டிகள் அதன் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே ஷெல் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே கேட்டது விலைக் குறைப்பு அல்ல. ஒரு நிறுவனம் தானே எடுத்த முடிவை மாற்றச் சொன்னார்கள், அதன் கையில் அது இருந்தது.

மொரோக்கோவில் 2018 ஏப்ரலில் நடந்தது இன்னும் நல்ல பாடம். ஒரே நேரத்தில் மூன்று பொருள்களை மக்கள் புறக்கணித்தார்கள்: டனோன் குழுமத்தின் பால், சிடி அலி போத்தல் தண்ணீர், அஃப்ரிகியா நிலையங்களின் எண்ணெய். பால் நிறுவனத்தின் வியாபாரம் சரிந்தது. தலைமை அதிகாரியே பிரான்சிலிருந்து வந்து மக்களிடம் பேசினார், செப்டம்பரில் பாலின் விலை இறங்கியது. எண்ணெயில் அப்படிப்பட்ட வெற்றி கிட்டவில்லை. அஃப்ரிகியாவின் உரிமையாளர் அஜீஸ் அக்கன்னூஷ் 2021-இல் அந்நாட்டின் பிரதமராகவே ஆனார். 2023-இல் ஒன்பது எண்ணெய் நிறுவனங்களை 184 கோடி திர்ஹாம் கட்ட வைத்தது அந்நாட்டின் போட்டி ஆணையம். சட்டம் செய்ததை வாகனமோட்டிகளால் செய்ய முடியவில்லை.

வரியைக் குறைக்க வைப்பது வேறு கதை. இந்தியாவில் 2018 செப்டம்பர் 10-இல் எரிபொருள் விலையை எதிர்த்து முழு அடைப்பு நடந்தது. அன்றும் விலை ஏறியது. ஆனால் சில மாநிலங்களில் தேர்தல் நெருங்கிய அக்டோபரில் மத்திய அரசு வரியில் ஒன்றரை ரூபாய் குறைத்தது. தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய 2021-இல், ஆகஸ்டு மாத வரவு செலவுத் திட்டத்தில் பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைந்தது. பிரான்சில் 2018-இல் மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவில் இறங்கிய பிறகு எரிபொருள் வரி உயர்வு கைவிடப்பட்டது. இவர்களில் யாரும் எண்ணெய் வாங்காமல் இருந்து சாதிக்கவில்லை.

கூலிமுக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2008 ஆகஸ்டு 26-இல் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல். அதற்கு மூன்று நாளுக்கு முன் பெட்ரோல் 15 காசு இறங்கியது. உலக விலையும் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே போனது. இங்கேயும் படிப்படியாக இறங்கி, டிசம்பர் 16-இல் 1 வெள்ளி 80 காசுக்கு வந்தது, ஜூன் உயர்வுக்கு முந்திய விலையைவிடக் குறைவாக.

யாரும் அழைப்பு விடாமலேயே உலகம் முழுவதும் எண்ணெய் வாங்குவதைக் குறைத்துக்கொண்ட காலம் அது. காரணம் பொருளாதார மந்தம். அதன் விலையைக் கொடுத்ததும் தொழிலாளிதான். மின்னணுப் பொருள்களுக்குக் கேட்பு விழுந்து மிகை நேர வேலை போனது. 2009 ஜனவரியில் இண்டெல் நிறுவனம் பினாங்கில் இரண்டு ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. எண்ணெய் மலிந்தபோது அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டிய வேலை ஆட்டம் கண்டது.

தொழிற்பேட்டைத் தொழிலாளிக்குக் கைக்கெட்டும் வழிகள் வேறு திசையில் இருக்கின்றன. மின்னணுத் துறையில் வட்டார அளவில் தொழிற்சங்கம் அமைக்க 2009-இல்தான் அரசாங்கம் இடம் கொடுத்தது. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது பயணப்படியை எண்ணெய் விலையோடு சேர்த்துக் கட்டச் சொல்லலாம். வேலை நேரம் மாறும் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் பாடாங் செராய், லூனாஸ், பாலிங் பக்கம் தொழிற்சாலைப் பேருந்து விடச் சொல்லலாம். ஒரு பேருந்தில் 40 பேர் ஏறினால் 40 மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும். மாதம் 39 லிட்டர் கணக்கில் அது 1,560 லிட்டர்.