பெரிய கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போக: வீல்சேரா, பேட்டரி ஸ்கூட்டரா?

"நீங்கள்லாம் போய்ப் பாத்துட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்." கோடை விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். பேரப்பிள்ளைகள் இறங்கி ஓடிவிடுவார்கள். அப்பாயி மட்டும் பின்சீட்டில் முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்காகச் சேற்றில் குனிந்து நாற்று நட்டு, குந்தி உட்கார்ந்து களை பறித்த கால்கள் அவை. மூட்டுத் தேய்மானம் அவரை அடுப்படியில்கூட நிற்க விடாது. கோயில் பிராகாரத்தை எப்படிச் சுற்றுவார்?

கோயில், கல்லணை, வேளாங்கண்ணி, சென்னைப் பக்கத்துத் தீம் பார்க் என்று எங்கே கிளம்பினாலும் வீட்டில் இந்தக் கேள்வி எழுகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் "ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கி அனுப்பட்டுமா?" என்று போனில் கேட்கிறார்கள். அன்போடு கேட்பதுதான். ஆனால் நம் டெல்டாக் கோயில்களுக்கும் பெரும்பாலான முதியவர்களுக்கும் ஏற்றது, அளவு சரியாகப் பொருந்திய, எடை குறைந்த, மடக்கும் வீல்சேர்தான். ஸ்கூட்டர் சிலருக்கு மட்டும், சில இடங்களுக்கு மட்டும் பொருந்தும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

விலை விசாரிக்கும் முன் வீட்டிலேயே மூன்று விஷயங்களைச் சோதித்துவிடலாம். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார முடிகிறதா? எழுந்து நாலைந்து அடி வைத்து இன்னொரு நாற்காலிக்குத் தானாக மாற முடிகிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கைப்பிடியை அரை மணி நேரம் உறுதியாகப் பிடித்திருக்க முடிகிறதா? மூன்றும் முடிந்தால்தான் ஸ்கூட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குமேல் கண் பார்வையும் காது கேட்பதும் சரியாக இருக்க வேண்டும். தலைசுற்றல் இருக்கக் கூடாது.

நான் சொல்லும் ஸ்கூட்டர், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் அல்ல. பின்னால் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய அந்த வண்டி சாலையில் ஓட்டுவதற்கானது. வண்டி நிறுத்தத்தோடு அதன் வேலை முடிந்தது. பேட்டரி ஸ்கூட்டர் மூன்று அல்லது நான்கு சிறிய சக்கரங்களில் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போவது. நடுவில் ஒரு இருக்கை, முன்னால் ஒரு தண்டு, அதன் மேல் கைப்பிடி. விசையை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் நுரையீரல் நோயாளி, இதயம் பலவீனமானவர் ஆகியோர் மேலே சொன்ன மூன்றிலும் தேறினால் ஸ்கூட்டர் நல்ல உதவி. அவர்களுக்குக் குறைவது நடக்கும் சக்திதான். மனமும் கையும் தெளிவாகவே இருக்கின்றன. பிறர் தள்ளாமல் தானே போவதில் ஒரு மதிப்பும் இருக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர், மறதி நோய் உள்ளவர், வலிப்பு வருபவர், தூக்கம் தரும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு ஸ்கூட்டர் வேண்டாம். கூட்டத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அரை நொடியில் விசையை விட வேண்டியிருக்கும். முதுகுத்தண்டு காயத்தால் உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவருக்கும், தசைச் சிதைவு நோய் உள்ளவருக்கும், கைப்பக்கத்தில் ஜாய்ஸ்டிக் வைத்த பேட்டரி வீல்சேர்தான் சரி. அதில் முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் தாங்கல் கொடுக்க முடியும்.

பெரிய கோயிலின் தரை

ராஜராஜன் 1010-இல் முடித்த கோயில். 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திருச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். ஓரமாக ஒரு சுற்று வந்தாலே 700 மீட்டருக்கு மேல். இருநூறு மீட்டரில் உட்கார இடம் தேடும் ஒருவருக்கு இது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் செருப்பில்லாமல்.

அகழியைத் தாண்டி மராட்டியர் வாயில், அடுத்து கேரளாந்தகன் திருவாயில், பிறகு ராஜராஜன் திருவாயில் என்று வாயில்களைக் கடந்தால்தான் நந்தியே தெரியும். வழியில் கல்படி, நிலைப்படி, கற்களுக்கு இடையே இடுக்கு, மேடு பள்ளம் எல்லாம் உண்டு. ஸ்கூட்டரின் சிறிய சக்கரமும் தாழ்ந்த அடிப்பாகமும் இங்கேதான் தட்டும். பேட்டரியோடு கனக்கும் அதைத் தூக்கிப் படி தாண்டுவது நடக்காது. மூன்று சக்கர ஸ்கூட்டர் குறுகிய இடத்தில் நன்றாகத் திரும்பும், ஆனால் சரிவில் பக்கவாட்டில் சாயும். நான்கு சக்கரத்தது நிலையாக நிற்கும், ஆனால் திரும்ப அகலமான இடம் கேட்கும். மடக்கும் வீல்சேராக இருந்தால், உட்கார்ந்தவரைத் துணையோடு இரண்டு படி ஏற்றிவிட்டு நாற்காலியைத் தனியே தூக்கிக் கொடுத்துவிடலாம்.

பெருவுடையார் சன்னிதிக்கு ஏறும் படிகள் உயரமானவை. அங்கே எந்தச் சக்கரமும் உதவாது. ஆனால் கோயிலின் பெரும்பகுதி வெளியில்தான் இருக்கிறது: நந்தி, 200 அடிக்கு மேல் எழும் விமானம், அதன் சுவர்க் கோட்டங்களில் உள்ள சிற்பங்கள், சுற்று மாளிகை. வீல்சேரில் ஒருவர் இவற்றை நிதானமாகப் பார்க்கலாம், நடந்து களைத்தவரைவிட நன்றாகவே.

தாராசுரத்தில் கோயில் தரை தெருவைவிடத் தாழ்ந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், அந்த நாளில் போக வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் புல்வெளி விரிந்து கிடக்கிறது. திருவரங்கம் ஏழு பிராகாரங்களோடு 156 ஏக்கர் பரப்பு. அங்கே முதியவர்களுக்கு பேட்டரி கார் ஓடுகிறது, கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். சில கோயில்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் வீல்சேரை விடாமல், கோயிலின் வீல்சேருக்கு மாறச் சொல்வார்கள். அதனால் முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. உங்கள் குஷனை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழமையான கல்லை உடைத்துச் சாய்தளம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கழற்றி மாட்டும் மரச் சாய்தளம் போதும். சென்னை மெரினாவில் 2022-இல் கடல் வரைக்கும் மரப்பாதை போட்டார்களே, அப்படி. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. அதாவது ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடிப் பலகை. நாலடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு 'ராம்ப் இருக்கிறது' என்பது ஆபத்து. பொது இடங்களை அனைவரும் அணுகும்படி அமைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதற்கான விதிகள் கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. தயங்காமல் கேளுங்கள்.

நாற்காலி பொருந்துகிறதா?

ஒரே அளவு எல்லோருக்கும் ஆகாது. உட்கார்ந்ததும் இடுப்புக்கு இருபுறமும் விரல்கள் தட்டையாக நுழையும் இடைவெளி போதும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். இல்லையென்றால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துவிடும். பாதம் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும், தொங்கக் கூடாது.

பின்சக்கரம் பெரியதாக இருந்தால் உட்கார்ந்தவரே உருட்டலாம், மேடு பள்ளமும் எளிதாகக் கடக்கும். நாலு சக்கரமும் சின்னதாக இருப்பது காரின் டிக்கியில் அழகாக அடங்கும், கல் தரையில் அடிக்கொரு முறை மாட்டும். கோயிலுக்குப் பெரிய சக்கரமே நல்லது. சாதாரண இரும்பு வீல்சேர் 15 முதல் 20 கிலோ இருக்கும். சென்னை ஐஐடி 2025-இல் அறிமுகப்படுத்திய 'ஒய்டி ஒன்' வெறும் 9 கிலோ. அதே ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனம், உடலளவுக்கு ஏற்ப அமைக்கும் 'நியோஃப்ளை' நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டினால் சாலையில் ஓட்டக்கூடிய 'நியோபோல்ட்' மோட்டாரையும் 2021-இல் கொண்டுவந்தது. ஒரு சார்ஜில் சுமார் 25 கிலோமீட்டர் போகும். வாசலில் மோட்டாரைக் கழற்றிவிட்டால் வீல்சேராக உள்ளே போய்விடலாம். கையில் வலு உள்ள இளைஞருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

தள்ளுவதற்கும் பழக வேண்டும்

அப்பாவுக்கு எழுபது, தள்ளுகிற அம்மாவுக்கு அறுபத்தைந்து என்றால், வாங்கும்போது அம்மாவின் முதுகையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எழுபது கிலோ மனிதரை மேட்டில் தள்ளுவது விளையாட்டு இல்லை. மாற்றித் தள்ள இன்னொருவர் உடன் வரட்டும்.

நிலைப்படி வந்ததும் வேகமாக மோதி ஏற்றப் பார்க்காதீர்கள். முன்சக்கரம் மாட்டும், உட்கார்ந்தவர் முகம் குப்புற விழுவார். நிறுத்துங்கள். "பின்னால சாய்க்கப் போறேன்ம்மா" என்று சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கு அருகே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, கைப்பிடியைத் தாழ்த்தினால் முன்சக்கரம் எழும். அதைப் படிமேல் வைத்து, பின்சக்கரம் படியில் ஒட்டியதும் தொடை பலத்தால் உந்தி ஏற்றுங்கள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் இறங்கும்படி, நீங்கள் பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும். சரிவிலும் அப்படியே. அவர் நாற்காலியில் உட்காரும்போதும் அதிலிருந்து எழும்போதும் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும். கால் பலகையை மிதித்து எழக் கூடாது, நாற்காலி கவிழ்ந்துவிடும்.

புடவைத் தலைப்பு, வேட்டி முனை, தோள் துண்டு இவற்றை மடியில் செருகிவிடுங்கள். சக்கரக் கம்பியில் சுற்றினால் நொடியில் இழுத்துவிடும். பக்கவாதக்காரரின் செயலிழந்த கையை மடியில் தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து அவரைத் தூக்கினால் தோள் மூட்டு விலகும்.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை, வைகாசி மாதங்களில் பதினொரு மணிக்கு அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்தவருக்குச் சூடே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம், பிறகு புண். அவர்கள் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அனுமதி கேட்டு, புதிய பருத்திக் காலுறை போடலாம். நாற்காலியின் இரும்புக் கைப்பிடியும் சுடும், துணி சுற்றுங்கள். காலை எட்டரைக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள்.

முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு, தண்ணீரும் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்தால் மயக்கம் வரும். சிறுநீர்த் தொற்றும் வரும். வீல்சேர் நுழையும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு, பயமில்லாமல் குடிக்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரை வரிசையில் பசியோடு காக்க வைக்காதீர்கள். காரில் தனியே விட்டுவிட்டுப் போவதும் கூடாது. கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் சில நிமிடங்களில் சூளையாகிவிடும்.

முதுகுத்தண்டு காயம் உள்ளவருக்கு, காயத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, அதனால் உடம்பு சீக்கிரம் சூடேறும். ஈரத் துணியும் நிழலும் அவசியம். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை பிட்டத்தைத் தூக்கி அழுத்தம் குறைக்க வேண்டும். நடுவே ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

தீம் பார்க் போவதானால்

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்த பிறகு டெல்டாப் பள்ளிகளிலும் வீடுகளிலும் அதே பேச்சு. அகலமான, சமமான பாதையுள்ள இத்தகைய இடங்களில்தான் ஸ்கூட்டர் உண்மையாகவே பயன்படும். ஆனால் பெரும்பாலான ராட்டினங்களில் சக்கர நாற்காலியை விட்டு இறங்கி இருக்கைக்கு மாற வேண்டும். மாற முடியாதவர் எதில் ஏறலாம் என்பதை நுழைவிலேயே கேளுங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை உள்ளவர்கள் வேக ராட்டினத்தில் ஏறவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஸ்கூட்டர் வருமுன் விமான நிறுவனத்திடம் பேட்டரி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2025-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இவற்றின் வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6-ஆகக் குறைத்தது, ஓட்டுவதற்கு மருத்துவச் சான்றும் கேட்கிறது. சட்டம் அவ்வளவு கவனமாக இருக்கும் ஒரு வண்டியைச் சோதிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டாம்.

எங்கே கேட்பது?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையில், உடம்பைக் காட்டி எது பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வீல்சேருக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. இது ஒரே நாளில் கைக்கு வராது. விடுமுறைக்குச் சில மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கையில் கிடைத்ததும் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று நாள் தள்ளிப் பழகிவிட்டு, அப்பாயியையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.