வேகக் காரும் மார்கழிப் பனியும்

மார்கழி மாதத்துச் சுபுஹுத் தொழுகை முடிந்த வேளையில், ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடக் கரையில் நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆறு இருக்கும் இடம் தெரியாது. அக்கரைத் தென்னைகள் தெரியா. பத்தடி தூரத்தில் நடந்து வருகிறவரின் இருமல் முதலில் கேட்கும்; பிறகுதான் ஆள் தெரிவார். வெயில் ஏறியதும் அந்த வெண்திரை தானாக விலகிவிடும். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மணி நேரம் சாலையில் செல்வோருக்குச் சோதனைக் காலமாகும்.

பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை என்று தஞ்சைப் பக்கத்துச் சம்பந்த வீடுகளுக்கு நிக்காஹுக்கும் வலீமாவுக்கும் செல்கிறவர்கள் அரியலூர், கீழப்பழூர் வழியாகத் திருமானூரை அடைந்து கொள்ளிடப் பாலத்தைக் கடப்பது வழக்கம். திருமானூரில் கிழக்கே பிரிந்து ஆற்றோரமாகச் செல்லும் சாலை ஏலாக்குறிச்சியை அடைகிறது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளில் பலர் விடுமுறையில் ஊர் திரும்புவதும், திருமணங்கள் நிறைவதும் இந்தக் குளிர்காலத்தில்தான். பாலைவனத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. "அத்தா, இந்த முறை ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிடலாம்" என்று மகன் தொடங்குகிறான். தந்தை என்ன விடை சொல்வது?

வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுவது எளிது. அழகிய வாகனத்தை விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் வாகனம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் ஏறுகின்ற உயிர்களும், எதிரே நடந்து வருகின்ற உயிர்களும் அமானிதமே. ஆகவே காரைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதன்று. நம் கண்ணுக்குத் தெரிகின்ற தூரத்திற்குள் அதை நிறுத்த முடியுமா என்பதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு மாட்டு வண்டியைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிரேக் தன் வேலையைத் தொடங்கும். நல்ல, உலர்ந்த சாலையில் மேலும் ஏறத்தாழ 36 மீட்டர் சென்று கார் நிற்கும். ஆக, 70 மீட்டர். பனி நனைத்த சாலையில் இது 80 மீட்டரையும் தாண்டும். பார்வை 50 மீட்டருக்கு மேல் எட்டாத மூடுபனியில் இந்த வேகத்தில் செல்பவர், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவருக்குச் சமமானவர்.

அதே கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மொத்தம் 26 மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது என்பதே இதன் சூட்சுமம். விலை உயர்ந்த காரில் பிரேக்கும் டயரும் உயர்ந்தவை என்பது உண்மைதான். அவை பின்பாதித் தூரத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் அந்த முதல் 33 மீட்டரை உலகின் எந்தக் காரும் குறைத்துத் தராது. அது ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் காலுக்கும் இடைப்பட்ட தூரம்.

எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது?

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும். அப்படித் தாழ்ந்திருப்பதால்தான் வளைவுகளில் சாயாமல் திரும்புகிறது. அத்தகைய கார்கள் பலவற்றின் அடிப்பாகம் தரையிலிருந்து 110 முதல் 135 மில்லிமீட்டர் உயரத்திலேயே இருக்கும். நம் நாட்டுக் குடும்பக் கார்களுக்கோ 165 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதுண்டு. வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. நம் தெருமுனையில் யாரோ இரவோடிரவாகக் கொட்டி வைத்த மேட்டிற்கு அந்த அளவு தெரியுமா? மகனை ஒரு நாள் அளவுநாடாவுடன் அனுப்பி, வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள வேகத்தடைகளை அளந்து வரச் சொல்லுங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, இன்ஜினின் விசை எந்தச் சக்கரத்திற்குச் செல்கிறது என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை பின்சக்கரங்களால் உந்தப்படுபவை. ஈரச் சாலையின் வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அதிகமாக அழுத்தினால், பின்பகுதி வழுக்கிக் கார் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளக் கூடும். பழக்கமில்லாதவருக்கு முன்சக்கர உந்துதலே பாதுகாப்பானது. சறுக்கலை உணர்ந்து தானாகத் திருத்தும் மின்னணுக் கட்டுப்பாடும், ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத வேகக் காரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, டயர். ஆசையின் காரணமாகப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வெளியூரிலிருந்து வாங்கி வரும் இளைஞர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள்; டயரைப் பார்ப்பதில்லை. ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று போர்ஷே கார் விபத்தில், நண்பர் ஓட்ட, உடனிருந்து இறந்தார். அளவு மீறிய வேகத்தோடு, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும் விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்து, ஓட்டுவதில் உற்சாகமும் வேண்டும், உம்மாவும் சிறு பிள்ளைகளும் ஏறவும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. குடும்பக் காரின் உடலிலேயே விசை மிகுந்த சிறிய டர்போ இன்ஜினையும், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கையும் பொருத்திய கார்கள் நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டுள்ளன. ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 2021இல் வெளிவந்த ஐ20 என் லைன் அத்தகைய ஒன்று. எந்தக் காரானாலும், மோதல் சோதனையில் அது பெற்ற நட்சத்திரங்களைக் கேட்டறியுங்கள். 2023 அக்டோபர் முதல் இந்தியாவிற்கென்றே அத்தகைய மதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது.

நான்காவது கேள்வி, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. தகுதிக்கு மீறிய காருக்காக வட்டிக்கடனில் கையெழுத்திட்டுவிட்டு, விடுமுறை முடிந்ததும் அந்த வட்டியைக் கட்டுவதற்காகவே மீண்டும் விமானம் ஏறும் பிள்ளைகள் நம்மிடையே இல்லையா? ஹலாலாக ஈட்டியது வீண்விரயமாகவும் வட்டியாகவும் கரைவது எத்தகைய கைச்சேதம்!

பனி ஏன் இங்கே இறங்குகிறது?

வடகிழக்குப் பருவமழை ஓயும்போது வயல்களும் ஆற்றங்கரையும் நீர் குடித்து நிறைந்திருக்கின்றன. வானம் தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. காற்றும் அசையாவிட்டால் தரையை ஒட்டிய ஈரக்காற்று நுண்துளிகளாகி அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் பாலத்தருகிலும், ஆற்றோரத் தாழ்வுகளிலும் திடீரென்று பனித்திட்டு எதிர்ப்படுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரம் தெளிவாக இருந்த சாலை, அடுத்த வளைவில் மறைந்துவிடும்.

அந்தத் திரைக்குள் யார் யார் இருக்கிறார்கள்? அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள். கீழப்பழூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமக்கும் டிராக்டர்கள், அவற்றில் சிலவற்றிற்குப் பின்விளக்கே இராது. சாலையில் பரப்பிய நெல், மிதித்தால் வழுக்கும் வைக்கோல். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயத்திற்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வரும் கிறிஸ்தவ அன்பர்கள். மார்கழிக் கோயிலுக்குச் செல்லும் இந்துப் பெருமக்கள். சுபுஹுக்குப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் நம் முதியவர்கள். கார் ஓட்டுகிறவருக்கு இவர்களில் ஒருவரும் அந்நியர் அல்லர்.

வளைகுடாவிலும் இதே அனுபவம் உண்டு. 2008 மார்ச் 11 அன்று காலை, அபுதாபி–துபாய் நெடுஞ்சாலையில் கந்தூத் அருகே மூடுபனியில் சுமார் 200 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்டன. அகன்ற சாலையும் புதுக் கார்களும் அங்கே காப்பாற்றவில்லை. பின்னாளில் அபுதாபியில், பனி மூடினால் வேக வரம்பு 80 கிலோமீட்டராகத் தானே குறையும் ஏற்பாடு வந்தது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகிய கை, இங்கே திடுக்கிடும் கணத்தில் வலப்புறமே திருப்பும். ஆகவே ஊர் வந்த முதல் இரண்டு நாட்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும், பழகியவர் ஒருவர் பக்கத்தில் அமர ஓட்டுங்கள்.

பனியில் ஓட்டும் முறை

தாழ்ந்த ஒளியையே பயன்படுத்துங்கள். உயர்ந்த ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. கண்ணாடியின் உட்புறம் மூடினால், துணியால் துடைத்துக்கொண்டிராமல், ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடியின் மீது திருப்புங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிடும். சுற்றிலும் மரமும் வீடும் தெரியாததால் வேகம் குறைவாகத் தோன்றும். மனத்தை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள். முன்னே செல்லும் லாரியின் சிவப்பு விளக்கை விடாமல் ஒட்டிச் செல்வது பாதுகாப்பன்று. அது நின்றால் நீங்களும் அதற்குள்தான் நிற்பீர்கள். பார்வை அறவே மறைந்தால் சாலையைவிட்டு முற்றிலும் இறங்கி, பெட்ரோல் பங்க் அல்லது தேநீர்க் கடை முற்றத்தில் நிறுத்திக் காத்திருங்கள். வலீமா விருந்து ஆறினால் மீண்டும் சூடாக்கலாம்.

கனடா, பிரான்ஸ் முதலிய நாடுகளில் வாழும் நம் உறவினர்களுக்கு ஒரு சொல். ஸ்போர்ட்ஸ் கார்களுடன் வரும் கோடைக்கால டயர்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் அதற்குரிய டயர்களைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அங்கே இது ஆடம்பரமன்று, அடிப்படை.

வேகத்திற்கும் ஓர் இடம் உண்டு

வேகத்தின் மீது உண்மையான நாட்டமுள்ள பிள்ளையைச் சாலையிலிருந்து பந்தயத் தளத்திற்கு அனுப்புங்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் தளங்கள் உள்ளன. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். பந்தய வீரராக இருந்து இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்த அக்பர் இப்ராஹீம் நம் சமுதாயத்தவரே. தலைக்கவசமும், மருத்துவரும், ஒரே திசையில் ஓடும் தளமும் உள்ள இடத்தில் வேகம் விளையாட்டு. மாடும் மழலையும் நடக்கும் இடத்தில் அது குற்றம்.

பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை. 18 வயது நிரம்பாத பிள்ளை காரை எடுத்துச் சென்று குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். செல்லம் கொடுத்துச் சாவியை நீட்டும் கை, இதை நினைத்துக்கொள்ளட்டும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையைக் கேட்டார்கள். அமைதியாக வரும்படி மக்களுக்குச் சைகை செய்து, விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்பதை உணர்த்தினார்கள். ஹஜ்ஜின் பாதையிலேயே அவசரத்திற்கு இடமில்லை என்றால், திருமானூர்ச் சாலையில் நமக்கு என்ன அவசரம்?

இன்று மாலை மகனை அழைத்து அருகில் அமர்த்துங்கள். காரின் விலைப்பட்டியலோடு மேலே கண்ட கணக்கையும் அவன் முன் வையுங்கள். வாங்குவது எதுவானாலும், பயண துஆவை ஓதிச் சாவியைத் திருப்புமுன், முன்கண்ணாடியைத் துடைத்து, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அவன் பார்க்கட்டும். அந்தத் தூரமே அன்றைய வேகத்தின் எல்லை.

நம் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வீடு சேர்த்து, அவர்களால் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.