காக்பிட்ல யாருங்க சீனியர்?

சேர்க்கிறது, பிரிக்கிறது எல்லாம் எங்க ஏரியாவுக்குப் பழகின கதை. 2001-ல அரியலூர் தனி மாவட்டமாச்சு. 2002-ல மறுபடி பெரம்பலூரோட சேர்த்தாங்க. 2007-ல திரும்பவும் பிரிச்சாங்க! 'அரியலூர் எந்த மாவட்டம்?'னு கேட்டா, 'எந்த வருஷத்துல?'னு திருப்பிக் கேட்கணும்.

நம்மளைப் பிரிச்ச அதே 2007-ல, டெல்லியில ரெண்டு பேரைச் சேர்த்து வெச்சாங்க. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும்! விமானங்களுக்கு ஒரே பெயின்ட் அடிச்சாச்சு. ஆனா, பைலட்டுகள்?

பைலட் வேலையில சீனியாரிட்டி நம்பர்தான் ஜாதகம். கோ-பைலட் எப்போ கமாண்டர் ஆவார், பெரிய விமானம் யார் கைக்குப் போகும்... பல விஷயங்களுக்கு அந்த லிஸ்ட்தான் கணக்கு. ரெண்டு காலேஜை ஒண்ணாக்கி, ஒரே பிளேஸ்மென்ட் லிஸ்ட் போட்டா எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான் இங்கேயும்!

சர்வதேச ரூட்ல போயிங் ஓட்டின ஏர் இந்தியா பைலட்டுகளுக்கு 'இண்டியன் பைலட்ஸ் கில்டு'. உள்நாட்டுல ஏர்பஸ் ஓட்டின இந்தியன் ஏர்லைன்ஸ்காரங்களுக்கு 'இண்டியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன்'. கம்பெனி ஒண்ணு, சங்கம் ரெண்டு!

'ஒரே கம்பெனினா சம்பளமும் ஒரே மாதிரி வேணும்'னு 2011-ல இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு ஸ்ட்ரைக்ல குதிச்சது. பத்து நாள் விமானங்கள் தடுமாறிச்சு. அடுத்த வருஷம் எதிர் கோஷ்டியோட முறை. அப்போ வரப்போற புது போயிங் 787 டிரீம்லைனர்ல, இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கும் டிரெயினிங் தர முடிவாச்சு. 'நாங்க காத்திருந்த விமானத்துல அவங்க வந்து உட்காருவாங்களா?'னு கில்டு பைலட்டுகள் மொத்தமா சிக் லீவு போட்டாங்க. டெல்லி ஹைகோர்ட் 'சட்டவிரோதம்'னு சொல்லியும் நிக்கலை. 58 நாள்! நூறு பேருக்கு மேல வேலையை விட்டுத் தூக்கினாங்க. இதுல யார் பக்கம் நியாயம்? ரெண்டு பக்கமும் இருக்குங்கிறதுதான் சிக்கலே. பத்து வருஷமா வரிசையில நிக்கிறவர் முன்னாடி, பக்கத்து வரிசையில இருந்து ஒருத்தர் வந்து நின்னா கோபம் வரத்தானே செய்யும்? அந்தப் பக்கத்து வரிசைக்காரரும் பத்து வருஷமா நிக்கிறவர்தான்!

ரெண்டு தரப்பையும் எப்படி ஒண்ணு சேர்க்கலாம்னு சொல்ல, ரிட்டயர்டு நீதிபதி தர்மாதிகாரி தலைமையில கமிட்டி போட்டாங்க. ரிப்போர்ட் 2012 தொடக்கத்துலேயே வந்திருச்சு. ஸ்ட்ரைக் நடந்தது அதுக்கு அப்புறம்தான்!

நம்ம ஊர்லதான் இப்படினு நினைக்காதீங்க பாஸ். அமெரிக்காவுல 2005-ல யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் சேர்ந்தாங்க. பொது ஆள் ஒருத்தர் 2007-ல லிஸ்ட் போட்டுக் கொடுத்தார். வருஷக்கணக்கா உழைச்சு, அந்த நேரம் பார்த்து லே-ஆஃப்ல இருந்த பைலட், நேத்து சேர்ந்தவருக்குக் கீழே! விடுவாங்களா? பழைய சங்கத்தையே ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டு, 2008-ல புதுச் சங்கத்தைக் கொண்டு வந்தாங்க. 2013-ல அந்தக் கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சேர்ற வரைக்கும் லிஸ்ட் ரெண்டாவே இருந்தது.

ஏர் இந்தியா 2022-ல டாடா கைக்குத் திரும்பினதும் அடுத்த ரவுண்டு. விஸ்தாராவை ஏர் இந்தியாவோட சேர்க்கிற வேலை நடந்தப்போ, 70 மணி நேரத்துக்கு இருந்த சம்பள உத்தரவாதம் 40 மணி நேரமாச்சு. 2024 ஏப்ரல்ல நிறைய பைலட்டுகள் 'உடம்பு சரியில்லை'னு வராம இருக்க, விமானங்கள் வரிசையா ரத்து. இணைப்பு அந்த நவம்பர்ல முடிஞ்சது.

நடுவுல மே மாசம், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூவும் அதே சிக் லீவு ஃபார்முலா. அவங்க கம்பெனியும் அப்போ பழைய ஏர் ஏசியா இந்தியாவோட சேர்ந்துட்டு இருந்தது. 25 பேரை வேலையை விட்டு அனுப்பி, உடனே திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. பெரம்பலூர், அரியலூர்ல இருந்து கல்ஃப் வேலைக்குப் போறவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு திருச்சியில ஏறுற கம்பெனி அது. விசா தேதி முடியறதுக்குள்ள போய்ச் சேரணும்கிறது மட்டும்தான் அவங்க கவலை.