விரிசலைத் திசைதிருப்பும் நண்டு ஓடு

வயல் நண்டின் கொடுக்கை அம்மியில் வைத்துத் தட்டியவர்களுக்குத் தெரியும்: முதல் தட்டில் விரிசல் விழும், ஆனால் கொடுக்கு இரண்டாகப் பிளக்காது. காரணம் வெறும் கடினம் அல்ல. ஓட்டுக்குள் கைட்டின் இழைகள் புரதத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேர்ந்து மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. பிளைவுட்டில் ஓர் அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில் இருக்கும். நண்டு ஓட்டில் ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடச் சற்றே திரும்பியிருக்கும். இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் பூலிகானின் பெயரே இந்த அமைப்புக்கு வழங்குகிறது.

விரிசலுக்கு இழைகளின் இடைவெளியில் ஓடுவது எளிது. ஆனால் அடுத்த அடுக்கில் இழையின் திசை மாறிவிடுவதால் அதுவும் திரும்பியாக வேண்டும். இப்படி முறுக்கி முறுக்கிப் போவதற்குள் அடியின் ஆற்றலில் பெரும்பகுதி செலவாகிவிடும். ஓடு காயப்படும், ஆனால் துளைபடாது.

இதன் உச்சம் கடலில் வாழும் மயில் மாண்டிஸ் இறால். அதன் சம்மட்டிக் கை நொடிக்கு சுமார் 23 மீட்டர் வேகத்தில் பாய்ந்து சிப்பிகளை உடைக்கிறது. கை எளிதில் உடைவதில்லை. கலிபோர்னியாவில் ஆய்வாளர் டேவிட் கிசைலஸின் குழு 2012இல் அந்தக் கையின் உள்ளமைப்பை வெளியிட்டது. 2014இல் அதே முறுக்கில் கார்பன் இழைப் பலகைகள் செய்து மோதவிட்டது. வழக்கமான அடுக்குப் பலகைகள் துளைபட்டன, முறுக்குப் பலகைகள் தாங்கின. 2018இல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் சிமென்ட் பசையையே முப்பரிமாண அச்சில் இப்படி அடுக்கடுக்காக அச்சிட்டுக் காட்டினர்.

மோதலைத் தாங்கும் இந்த அமைப்பு தருமபுரிக்காரர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் சாலை எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது! 2024 ஜனவரியில் லாரிகள் மோதிய ஒரே விபத்தில் நால்வர் இறந்தார்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் பழக்கத்துக்கு எந்த ஓடும் மருந்தாகாது. ஆனால் அதே சாலையில் போகும் பைக் ஓட்டுநரின் தலைக்கவசத்துக்கு இந்த அமைப்பு பொருந்தும் என்பது என் எண்ணம். வெளி ஓடு துளைபடாமல் அடியைப் பரப்ப வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி மூளைக்குப் போகும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். நண்டு உதவுவது முதல் வேலைக்குத்தான். ஓடு எவ்வளவு உறுதியானாலும் தெர்மோகோலை மெலிதாக்கக் கூடாது, தாடைப் பட்டையை மாட்டாமலும் விடக் கூடாது.

தலைக்கவசத்தில் இதைக் கொண்டுவரத் தடை விலைதான். ஒவ்வோர் அடுக்கையும் சில டிகிரி திருப்பிப் படியவைக்க நேரமும் துல்லியமான இயந்திரமும் வேண்டும். சிமென்ட் அச்சில் அந்தச் சிரமம் குறைவு: அடுக்குக்கு அடுக்கு அச்சு முனை போகும் திசையை மாற்றினால் போதும்.