மடிக்கணனி வாங்குமுன் விபரத்தைச் சரிபாருங்கள்

பல்கலைக்கழகத்திற்குத் தெரிவான மகளுக்கு ஒரு மடிக்கணனி வேண்டுமென்று தகப்பன் ஒருவர் எம்மிடம் வந்தார். ஆடுகளை விற்ற பணம் கையில் இருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "ஐ5, 8 ஜிபி, பாவித்தது, புதியது போன்றது" என்பதே அதிலிருந்த முழு விபரம். "இது நல்லதோ?" என்று கேட்டார்.

விதைநெல் வாங்கும்போது 'சம்பா' என்ற சொல்லை மட்டும் நம்பி நாம் மூடையைத் தூக்குவதில்லை. பிஜி 360 இனமா, வேறினமா, எத்தனை மாதப் பயிர் என்று கேட்போம். 'ஐ5' என்பதும் குடும்பப் பெயரே, இனத்தின் பெயரன்று. 2016 இல் வெளிவந்த ஐ5-7200யூ என்ற இன்டெல் புறோசசரில் இரண்டு கருக்களே உண்டு. 2017 இல் வந்த ஐ5-8250யூ இல் நான்கு உண்டு. விண்டோஸ் 11 இற்கு ஏற்றவையென மைக்ரோசொப்ட் வெளியிட்ட பட்டியலில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆயினும் விளம்பரத்தில் இரண்டும் 'ஐ5' தான்.

ஆகவே, இணையத்தில் வாங்குவோர் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

1. முழு மாதிரி இலக்கத்தைக் கேளுங்கள். அது பெரும்பாலும் கணனியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் கணனிகள் மெமரியிலும் திரையிலும் வேறுபடுவதுண்டு.

2. அந்த இலக்கத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் தேடுங்கள். டெல் கணனியாயின் 'சேர்விஸ் ராக்' இலக்கத்தைக் கொடுத்தால், தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தப்பட்டன என்பது தெரியவரும். புறோசசரின் விபரத்தை இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் தளங்களிற் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதும் நிறுவனம் சொல்வதும் வேறுபட்டால், காரணத்தைக் கேட்டறியும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

3. '16 ஜிபி வரை' என்றால், அவ்வளவு போடலாம் என்பதே பொருள். உள்ளே அவ்வளவு இருக்கிறது என்பதல்ல. மெமரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னர் அதை மாற்ற இயலாது. இதையும் கேளுங்கள்.

4. பாவித்த கணனியில் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம். கையிற் கிடைத்ததும் 'செற்றிங்ஸ்', 'சிஸ்டம்', 'எபவுட்' என்று திறந்தால் புறோசசரும் மெமரியும் தெரியும். 512 ஜிபி சேமிப்பகம் 476 என்று காட்டினால் அது மோசடியன்று. எண்ணும் முறையே வேறு.

5. பற்றுச்சீட்டில் 'மடிக்கணனி 1' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். மாதிரி இலக்கம், புறோசசர், மெமரி, உத்தரவாதக் காலம் என்பன எழுதப்பட வேண்டும். ஏமாற்றப்பட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். எழுத்தில் உள்ளதே அங்கு உங்கள் பக்கம் பேசும்.

மேற்சொன்ன தகப்பன் ஒட்டுத்தாளின் படத்தைக் கேட்டு வாங்கினார். இருவரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம். அது 7200யூ. அவர் பணத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்து, அதே விலைக்கு 8250யூ ஒன்று கிடைத்தது. நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்திற்கு ஒரு கணனியை இரண்டு தடவை வாங்க வசதியில்லை. கேள்வி கேட்பதற்கோ செலவில்லை.