விலகி நிற்பவர் யார்?

விளையாட்டொன்றை ஆக்குவோர், அதனை விளையாடாது விலகி நிற்பவரையும் நினைத்தல் வேண்டும்.

1970களின் இறுதியில் யப்பானிய மின்னணு விளையாட்டுக் கூடங்களிலே பெரும்பாலும் ஆடவரே கூடினர். வேற்றுக்கிரகத்தாரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள் அங்கு மலிந்திருந்தன. பெண்களுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று கூறிவிடுதல் எளிது. நம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவதானி என்னும் இளைஞரோ அவ்வாறு எண்ணினாரல்லர். பெண்களும் விரும்பி வரத்தக்க ஆட்டமொன்றை அமைக்க விழைந்தார். சுடுதலை விடுத்து, உண்ணுதலைக் கருவாகக் கொண்டார். சிக்கலான வழிகளிலே புள்ளிகளைத் தின்று திரியும் மஞ்சள் வட்டம் ஒன்று. அதனைத் துரத்தும் வண்ணப் பேய்கள் நான்கு. அப்பேய்களும் அச்சந் தருவனவல்ல, அழகியவை. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாட்டம் ‘பக்-மேன்’ என உலகெங்கும் புகழ்பெற்றது. பெண்களுக்கென நினைத்ததை ஆடவரும் விரும்பி ஆடினர்.

இதனை அறிந்தபோது எமது தவறொன்று நினைவுக்கு வந்தது. வகுப்பிலே நாம் நடத்திய வினாவிடைப் போட்டியில், முந்தி விடை சொல்வோர்க்கே புள்ளி வழங்கினோம். கடைசி வாங்கிலிருந்தோர் வாய்திறவாதிருந்தனர். மந்தரென்றே அவர்களைக் கருதினோம். பின்பு ஒருநாள், தம்முள் ஆராய்ந்து எழுதித் தருமாறு கூறினோம். மிகச் சிறந்த விடை அவ்வாங்கிலிருந்தே வந்தது. குறை நாம் வகுத்த விதியிலேயே இருந்தது.